கேளுங்க சொல்றேன்: ஏரோ தீவு

கே: டென்மார்க்ல ஏதோ குட்டித் தீவுக்கு உலகம் முழுக்க இருந்து ஜோடிங்க போய் கல்யாணம் பண்ணிக்கிறாங்களாமே, நிஜமா?

ப: நிஜம்தாங்க. தீவு பேரு ஏரோ (டேனிஷ்காரங்க சொல்றது வேற மாதிரி, அத எழுத்துல கொண்டு வர நம்ம கிட்ட எழுத்து பத்தாது). மொத்த மக்களே சுமார் 6,000 பேர்தான், ஆனா வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல கல்யாணம் நடக்குது, அதுலயும் முக்கால்வாசி வெளிநாட்டு ஜோடி. ரொமான்ஸ் எல்லாம் அப்புறம், முதல் காரணம் பேப்பர். ரெண்டு பேரும் வேற வேற பாஸ்போர்ட்டா இருந்தா ஜெர்மனி மாதிரி நாட்டுல கேக்கற சர்டிஃபிகேட் கட்டைப் பாத்தே பாதிக் காதல் ஓடிடும், டென்மார்க்ல அந்தத் தொல்லை கம்மி. அதுக்காக நேரா போய் இறங்கி மாலை மாத்திக்க முடியாது. 2019ல இருந்து முதல்ல ஆன்லைன்ல குடும்ப நல அலுவலகத்துக்கு அப்ளை பண்ணணும், நிஜ ஜோடிதானான்னு பாத்துட்டு ஒரு சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அது 4 மாசம் செல்லும். இன்னொண்ணு, அங்க தாலி கட்டிட்டோம்னு அங்கேயே தங்க பெர்மிஷன் எல்லாம் கிடைக்காது.

கே: கார் எடுத்துட்டுப் போகணுமா?

ப: பாலம் கிடையாது, ஃபெர்ரிதான். ஸ்வென்போர்க் துறைமுகத்துல ஏறினா 75 நிமிஷத்துல தீவுல இருக்கற ஏரோஷ்கோபிங் ஊர். தீவுக்குள்ள பஸ் ஃப்ரீ, ஒரு கோடில இருந்து மறு கோடிக்கு 30 கிலோமீட்டர்தான், சைக்கிளே போதும்.

கே: கரன்ட்ல ஓடற கப்பல் இருக்குன்னு படிச்சேன், அது இந்தத் தீவுதானா?

ப: இதேதான். பேரு எலன். 2019ல இருந்து தீவோட சோபி துறைமுகத்துக்கும் அல்ஸ் தீவுல இருக்கற ஃபின்ஸ்ஹாவுக்கும் நடுவுல போகுது. போயிட்டு வர 22 கடல் மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர், அத்தனையும் ஒரே சார்ஜ்ல. பேட்டரில 4,300 யூனிட் கரன்ட் பிடிக்கும், ஒரு எலக்ட்ரிக் கார்ல 60 யூனிட்னு வெச்சா 70 காரோட பேட்டரி! கப்பல விட எனக்கு ஆச்சரியம் ஏரோவுல இருக்கற மார்ஸ்டால் ஊர்தான். 33,000 சதுர மீட்டருக்கு சோலார் தகடு விரிச்சிருக்காங்க, அது கரன்ட்டுக்கு இல்ல, வெந்நீருக்கு. வெயில் காலத்துல சூடு பண்ணின தண்ணிய மூடி போட்ட பெரிய குளம் மாதிரி ஒண்ணுல சேத்து வெச்சு, குளிர் வந்ததும் அந்தச் சூட்ட பைப் வழியா வீடு வீடா அனுப்பறாங்க.

இந்த ஊர்க்காரங்க பழக்கமே அப்படித்தான் போல, துறைமுகத்துக்கு அலை தடுக்க கல் சுவர் வேணும்னு 1825ல ஆரம்பிச்சு, கடல் உறையற குளிர்காலத்துல பாறைய எல்லாம் பனி மேல இழுத்துட்டு வந்து அவங்களே கட்டியிருக்காங்க.

கே: சுத்திப் பாக்க என்ன இருக்கு?

ப: ஏரோஷ்கோபிங்ல கூழாங்கல் தெரு, 200, 300 வருஷத்து வீடுங்க, ஒவ்வொரு கதவும் ஒரு கலர். சில ஜன்னல்ல பீங்கான் நாய் பொம்மை ஜோடியா உக்காந்திருக்கும், அது வெளிய பாத்துட்டு இருந்தா வீட்டுக்காரர் கப்பல்ல போயிருக்காரு, உள்ள திரும்பி இருந்தா வந்துட்டாருன்னு ஒரு கதை சொல்வாங்க. உண்மையோ பொய்யோ, சொல்றது அழகா இருக்குல்ல. அப்புறம் பாட்டில் மியூசியம்: பீட்டர் யாகொப்சன்னு ஒரு கப்பல் சமையல்காரர், வாழ்நாள்ல 1,700 பாட்டிலுக்கு மேல எடுத்து உள்ள குட்டிக் குட்டி கப்பல் கட்டினவரு. தவறவிடாதீங்க. கடற்கரைல வரிசையா கலர் கலரா மரக் குடிசை நிக்கும், போட்டோ எடுக்கலாம், ஆனா அதெல்லாம் தனித்தனி ஆளுங்களோடது, கதவத் தட்டிடாதீங்க.

கே: அங்கேயே செட்டில் ஆகிடலாம்னு தோணுது, எப்படி?

ப: ஜூன்ல பாத்தா தோணும், ராத்திரி 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பர்ல ஒரு வாட்டி போங்க, 4 மணிக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், டூரிஸ்ட் கூட்டம் காணாமப் போயிடும், காத்து பலமா அடிச்சா ஃபெர்ரி கேன்சல், அன்னிக்கு மீட்டிங், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எதுவும் கிடையாது.

கே: வேலை?

ப: மார்ஸ்டால்ல கப்பல் ஆபீசர் படிப்புக்கு ஸ்கூல் இருக்கு. படிச்சா வேலை கிடைக்கும், ஆனா தீவுல இல்ல, கடல்ல.