ஓட்டுக்கூரை ஒழுகி பொருள் பாழானால்?

கேள்வி: வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டில் ஓடு சரிந்து, மழைநீர் இறங்கி ஃப்ரிட்ஜும் பட்டுப்புடவைகளும் பாழ். வீட்டுக்காரர் கைவிரிக்கிறார். இழப்பீடு கிடைக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கேட்கலாம். 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, நீங்கள் சேதப்படுத்தாதவரை கட்டடப் பழுது அவர் பொறுப்பு. ஆனால் பொருளுக்கான இழப்பீட்டில், 'ஒழுகுகிறது' என்று முன்பே சொன்னீர்களா என்பதுதான் முக்கியம். வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் வழக்கு தளர்ந்துவிடும். பலரும் தோற்பது இங்கேதான்.

நனைந்ததை நகர்த்தும் முன் ஓட்டு இடைவெளி, சுவரின் ஈரத்தடம், பொருள் மூன்றும் ஒரே படத்தில் வரட்டும். வாங்கிய ரசீது, மெக்கானிக் எழுதித்தந்த செலவு மதிப்பீடு தேவை. பழைய ஃப்ரிட்ஜுக்குப் புதிய விலை கேட்காதீர்கள். இன்றைய மதிப்புதான் நிற்கும்.

15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகையுடன் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், பாக்கியே உங்களை வெளியேற்றக் காரணமாகும். மசியாவிட்டால் சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசம். வழக்குக்குக் கெடு 3 ஆண்டு.