பிளாஸ்மாவின் ஓரம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை. அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முயலும் டோகமாக் கருவியின் நடுவே 15 கோடி டிகிரி வெப்பம் வேண்டும் என்று நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். "அதை எந்த மூசையில வைப்பாங்க?" என்றார்; வெள்ளி உருக்கும் கலத்தைத்தான் மூசை என்பார். காந்தப்புலம் தாங்கும் என்றேன். அவருக்கும் நிறைவில்லை, எனக்கும் இல்லை. உண்மையிலேயே முழுதாகத் தாங்குகிறதா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. வெள்ளி 962 டிகிரியில் உருகும், மூசை தாங்கிவிடும். பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த அந்தச் சூடான வாயுவை, காந்தப்புலம் தாங்கிப் பிடிக்கிறது, ஆனால் ஒழுகவும் விடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று மோதி வெளியேறுவது மட்டும் என்றால் பெரிய இழப்பில்லை. ஆனால் உள்ளே கொதிப்பு, ஓரத்தில் குளிர்ச்சி. இந்த வேறுபாடே சிறு சுழிகளைக் கிளப்பிவிடுகிறது. வெப்பத்தை அள்ளிக்கொண்டு வெளியே ஓடுபவை அவைதான்.

1982-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் என்ற டோகமாக்கில் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் வாக்னர் ஒன்றைக் கவனித்தார். வெப்பமூட்டும் திறன் ஓர் அளவைத் தாண்டியதும் ஓரத்துக் கொந்தளிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. வெப்பம் தங்கும் நேரம் ஏறக்குறைய இரு மடங்கானது. ஓரத்தில் உருவாகும் மின்புலம் பிளாஸ்மாவை அடுக்கடுக்காக வெவ்வேறு வேகத்தில் ஓடவைக்கிறது; அந்த ஓட்டம் சுழிகளைப் பிய்த்துப்போடுகிறது. சில சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்தப் பட்டை நடுப்பகுதியின் வெப்பத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை. அந்த மாற்றத்தை முதலில் தூண்டுவது எது என்பதில் இன்றும் முழுத் தெளிவு இல்லை.

சரி, அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்தப் பட்டையின் தடுப்பு பலமானால் அங்கே அழுத்தம் ஏறிக்கொண்டே போய் வெடிப்பு வெடிப்பாக வெளியேறும். பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடர் டோகமாக் அளவுள்ள கருவியில் அந்த அடி, 3,400 டிகிரிவரை உருகாத டங்ஸ்டனையே சேதப்படுத்தக்கூடும். அதைக் கட்டுப்படுத்த ஐடரில் 27 காந்தச் சுருள்களை உள்ளே பொருத்துகிறார்கள்.

நம் நாட்டிலும் இதில் முக்கியமான வேலை நடந்திருக்கிறது. காந்திநகர் அருகே 1989-ல் இயங்கத் தொடங்கிய ஆதித்யா டோகமாக்கில், ஓரத்துக் கொந்தளிப்பு சீராக இல்லாமல் விட்டுவிட்டு வீச்சுகளாக வருகிறது என்று பிளாஸ்மா இயற்பியலாளர் பிரதிமன் கா உள்ளிட்ட குழு 1992-ல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. உங்கள் படிப்பை வைத்தே அதைத் தேடி வாசிக்க முடியும். அப்புறம், திரவ இயக்கவியலை ஒதுக்கிவிடாதீர்கள். ஓரத்தைப் புரிந்துகொள்ள அணுக்கரு இயற்பியலைவிட அதுதான் அதிகம் உதவும்.

அன்புடன்