பழைய குவாரி வழியா மூர்லேண்டுக்கு: நாயை அவுத்து விடலாமா?

கேள்வி: மே முதல் வாரம் ஆபீஸ் ஆளுங்க, குடும்பம், குழந்தைங்கன்னு எல்லாரும் சேந்து இங்கிலாந்துல ஷெஃபீல்ட் பக்கத்துல இருக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுல நடக்கப் போறோம். கிரிண்டில்ஃபோர்ட் ஸ்டேஷன்ல இறங்கி, பழைய கல் குவாரி வழியா ஏறி, மேல மரமில்லாம புல்லும் புதருமா இருக்கிற மேட்டு நிலம், அதான் மூர்லேண்ட், அதைச் சுத்திட்டு வர்றதா பிளான். அங்க பெரிய பெரிய வட்டக்கல்லா கிடக்குமாமே, அது என்ன? எங்ககூட ஒரு நாயும் வருது, மேல போனதும் அவுத்து விடலாமா?
- வாசகி, ஷெஃபீல்ட்

பதில்: நாய் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், அவுத்து விடாதீங்க. பொதுமக்கள் நடக்கலாம்னு திறந்து விட்டிருக்கிற மூர்லேண்ட்ல மார்ச் 1லேந்து ஜூலை 31 வரைக்கும் நாயை 2 மீட்டருக்கு மேல போகாத கயித்துல பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும், இது சட்டம். ஏன்னா நீளமா வளைஞ்ச அலகுள்ள கர்லியூ பறவை, நம்ம ஆள்காட்டியோட சொந்தக்காரப் பறவையான லாப்விங் எல்லாம் மரத்துல கூடு கட்டாது, தரையிலயே புல்லுக்கு நடுவுல முட்டை போடும். நாய் ஒரு தடவை ஓடிப்போய் தாயைக் கிளப்பி விட்டாப் போதும், முட்டை ஆறிடும், இல்லன்னா காக்கா தூக்கிடும். குழந்தைங்ககிட்டயும் பாதையை விட்டு இறங்காதீங்கன்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க, சொன்னா கேப்பாங்க.

இப்ப கல்லு. ஸ்டேஷன்லேந்து பாட்லி கார்ஜ் ஓக் மரக் காட்டு வழியா ஏறினா பக்கத்துலயே போல்ஹில் குவாரி. ஹவ்டன், டெர்வென்ட்னு 2 அணைங்களை 1901லேந்து 1916 வரைக்கும் கட்டினாங்க இல்லையா, அதுக்கு இங்கேந்துதான் 12 லட்சம் டன் அளவுக்குக் கல் வெட்டி, சரிவுல தண்டவாளம் போட்டு கீழ ரயிலுக்கு இறக்கினாங்க. இப்ப அந்த இடம் முழுக்க பிர்ச் மரம் மூடிக் கிடக்கு, நின்னு நிதானமா பாருங்க, பாறையில உளி பட்ட தடம் அப்படியே தெரியும். அந்த வட்டக்கல்லுங்க அரவைக்கல்லுதான். இந்த ஊர்ப் பாறை சொரசொரப்பு, மாவரைக்கவும் கத்தி தீட்டவும் காகிதத்துக்கு மரத்தைக் கூழாக்கவும் இங்கேந்து வெட்டி அனுப்பினாங்க. ஆனா இந்தக் கல்லுல அரைச்சா மாவு கொஞ்சம் மங்கலா வரும், ஜனங்க வெள்ளை ரொட்டி கேக்க ஆரம்பிச்சதும் பிரான்ஸ்லேந்து வந்த கல்லுக்கு மவுசு கூடிடுச்சு, அப்புறம் மிஷினும் வந்துடுச்சு, வாங்க ஆளில்லாம செஞ்ச கல்லு செஞ்ச இடத்துலயே கிடக்கு. யாரோ ஒரு தொழிலாளி நாள்கணக்குல கொத்தி முடிச்சது, அது மேல ஏறிக் குதிக்க வேண்டாமே.

மேல ஹெதர்ங்கற குத்துச்செடியோட ஊதா நிறப் பூவை எதிர்பாக்காதீங்க, அது ஆகஸ்ட்லதான். மே மாசத்துக்குன்னு இருக்கறது பறவைச் சத்தம்தான், கர்லியூ கத்துறதைக் கேக்க எல்லாரும் ரெண்டு நிமிஷம் பேசாம நின்னா நல்லது. கருப்பு உடம்பு, நெஞ்சுல பிறை மாதிரி வெள்ளைப் பட்டை போட்ட பறவை தெரிஞ்சா அது ரிங் ஊசல், இந்த மாதிரி பாறை இடுக்குலதான் கூடு கட்டும், கிட்டப் போகாதீங்க.

சாப்பாடு கட்டிட்டுப் போங்க, அடுப்பு, பார்பிக்யூ எதுவும் வேண்டாம். வசந்தத்துல காய்ஞ்ச புல்லும் ஹெதரும் சட்டுனு பிடிச்சுக்கும், 2019 ஏப்ரல்ல மார்ஸ்டன் மூர் எரிஞ்சது அப்படித்தான். குவாரி விளிம்புல வேலி கிடையாது, குழந்தைங்க கையை விடாதீங்க. புதர்ல உண்ணி இருக்கும், முழு பேன்ட் போட்டு வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னாடி எல்லாம் பாத்துடுங்க, நாய்க்கும் சேத்து.