தீர்ப்புக்குப் பிறகும் திரும்பிய அரசன் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எபிரேய வேதத்தில் (பழைய ஏற்பாட்டில்) மனந்திரும்புதல் குறித்துப் படித்துவருகிறேன். 55 ஆண்டுகள் ஆண்டு, எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பிய யூதாவின் அரசன் மனாசே, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தபோது தன்னைத் தாழ்த்தி மன்றாடியதும் அரியணையைத் திரும்பப் பெறுகிறான். அவன் பேரன் யோசியா முழு இருதயத்தோடு கர்த்தரிடம் திரும்பியவன்; அவனோ 39 வயதில் மெகிதோவில் கொல்லப்படுகிறான். மனந்திரும்புதலுக்கு இதுதானா பலன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் அருகருகே வைக்கும் இரு சித்திரங்களும் வேதத்தின் ஒரே நூலில் இல்லை. மனாசே மனம் மாறியதை 2 நாளாகமம் மட்டுமே சொல்கிறது. 2 இராஜாக்கள் அதைப் பற்றிப் பேசாததோடு, யூதாவின் அழிவுக்கே அவன் பாவங்களைக் காரணமாக்குகிறது. யோசியாவின் சாவுக்கும் நாளாகமம் ஒரு காரணம் வைத்திருக்கிறது: எகிப்தின் அரசனான பார்வோன் நேகோவின் வாயிலாக வந்த கடவுளின் எச்சரிக்கையை அவன் கேட்கவில்லையாம். இராஜாக்களின் ஆசிரியர் அப்படி எதையும் சொல்லவில்லை. எனக்கு அந்த மௌனமே பெரிதாகப் படுகிறது.

2 இராஜாக்கள் 22, 23 அதிகாரங்களில் நிகழ்ச்சிகள் வரும் வரிசையைக் கவனியுங்கள். யோசியாவின் 18ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 622 வாக்கில், ஆலயத்தைப் பழுதுபார்க்கிறார்கள். எழுத்தனாகிய சாப்பான் அரசனிடம் வந்து, பணம் வேலையை நடத்துபவர்கள் கையில் சேர்ந்துவிட்டது என்ற கணக்கைத்தான் முதலில் ஒப்பிக்கிறான்; பிறகே, ஏதோ கூடுதல் செய்தி போல, ஆசாரியன் இல்க்கியா தன்னிடம் ஒரு புத்தகம் கொடுத்தார் என்கிறான். ஆலயத்தில் கிடைத்த அந்த நியாயப்பிரமாணப் புத்தகத்தை வாசிக்கக் கேட்ட அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொள்கிறான். அவன் அனுப்பிய ஐவரிடம் தீர்க்கதரிசினியான உல்தாள் சொன்ன விடையில் பேரத்துக்கு இடமே இல்லை: இந்த இடத்துக்கு அழிவு வந்தே தீரும், உன் நெஞ்சு இளகியதால் அதை உன் கண்கள் காணமாட்டா.

இதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் யோசியா மக்களைத் திரட்டி உடன்படிக்கை செய்கிறான். பாட்டன் ஆலயப் பிராகாரங்களில் கட்டிய பலிபீடங்களை இடித்துத் தூளைக் கீதரோன் ஓடையில் கொட்டுகிறான். ஆலய வாசலருகே சூரியனுக்கென்று விடப்பட்டிருந்த குதிரைகளை அகற்றுகிறான். நாட்டின் தண்டனை நீங்காது என்று தெரிந்த பின் செய்த வேலை இவ்வளவும். உபாகமம் 6:5 கேட்கும் முழு இருதயம், முழு ஆத்துமா, முழு பலம் ஆகிய மூன்றையும் இராஜாக்களின் ஆசிரியர் இவன் ஒருவனுக்கே சேர்த்துத் தருகிறார். மறு வசனத்திலேயே, ஆனாலும் கர்த்தரின் கோபம் தணியவில்லை என்றும் எழுதிவிடுகிறார். சமாதானத்தோடு கல்லறை சேர்வாய் என்று உல்தாள் சொன்னதற்கும் மெகிதோவில் அவன் இறந்த விதத்துக்கும் உள்ள முரணைக்கூட அவர் பூசி மெழுகவில்லை. ஆகவே, பலனைக் கணக்கிட்டுத் திரும்பியவனாக யோசியாவை என்னால் பார்க்க முடியவில்லை.

மக்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். யோசியாவின் சீர்திருத்தம் அரண்மனையிலிருந்து வந்த ஆணை. அவன் காலத்தில் வாழ்ந்த தீர்க்கதரிசி எரேமியா, யூதா முழு இருதயத்தோடு அல்ல, கள்ளத்தனமாகவே திரும்பினாள் என்று கர்த்தர் உரைத்ததாகப் பதிவு செய்கிறார் (3:10). அந்த வாக்கு யோசியாவின் நாட்களில் வந்தது என்றும் அதே பகுதி குறிப்பிடுகிறது. கி.மு. 609இல் யோசியா மாண்டதும் பட்டத்துக்கு வந்து மூன்றே மாதம் ஆண்ட அவன் மகன் யோவாகாஸையே, முன்னோர் செய்தபடியெல்லாம் தீமை செய்தவன் என்கிறது 2 இராஜாக்கள்.