கேள்வி-பதில்: ஆர்50-ஆ, ஏ6400-ஆ? மூணு மாசமா முடிவே ஆகல

கேள்வி: வணக்கம் சார். இத்தனை நாள் மொபைல்லயே படம் எடுத்துட்டு இருந்தேன், இப்ப சின்னதா ஒரு மிரர்லெஸ் கேமரா (லென்ஸ் மாத்தி மாட்டுற மாதிரி) வாங்கலாம்னு பாத்து பாத்து கேனான் ஆர்50, சோனி ஏ6400 ரெண்டுல வந்து நிக்கிறேன். மூணு மாசமா யூடியூப்ல குடியிருக்கேன். ஒருத்தர் கேனான்ங்கிறார், அடுத்த வீடியோல இன்னொருத்தர் சோனிங்கிறார். எக்செல் ஷீட் ஒண்ணு போட்டேன், அதுல இப்ப 41 வரிசை ஆயிடுச்சு. வீட்ல ரெண்டு வயசுப் பொண்ணு, ஒரு எடத்துல நிக்க மாட்டா, நான் வேலை முடிஞ்சு வந்தப்புறம் ராத்திரி வீட்டு லைட்டுலதான் பெரும்பாலும் எடுக்கணும், கூடவே கொஞ்சம் வீடியோ. ரெண்டு பாடிலயும் (லென்ஸ் நீங்கலா கேமரா மட்டும்) ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி, இல்லைங்கிறாங்களே, அப்ப ரெண்டையும் விட்டுட்டு வேற பாக்கணுமா?

பதில்: மொதல்ல அந்த எக்செல் ஷீட்டை மூடுங்க சார். 41 வரிசைல பாதிக்கு மேல ரெண்டு பக்கமும் ஒரே பதில்தான் இருக்கும், எழுதுன உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ரெண்டும் 24 மெகாபிக்சல், ரெண்டுலயும் படத்தைப் பதியிற சென்சார் ஏபிஎஸ்-சிங்கிற ஒரே அளவு, ரெண்டுக்கும் கண்ணை வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் 23.6 லட்சம் புள்ளி, ரெண்டுலயும் கார்டு ஸ்லாட் ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் அடில பேட்டரி கதவுக்குள்ள. எடை பேட்டரி கார்டோட சேத்து ஆர்50 375 கிராம், ஏ6400 403 கிராம். 28 கிராம், அவ்வளவுதான், லென்ஸ் மாட்டினதும் அந்த வித்தியாசம் போன எடம் தெரியாது.

இப்ப ஸ்டெபிலைசேஷனுக்கு வருவோம், உங்க மூணு மாசத்தை முழுங்குனது இதுதான்னு நெனைக்கிறேன். பாடிக்குள்ள சென்சார் ஆடிக் குடுக்கிறது உங்க கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், உங்க பொண்ணை நிறுத்தாது. சோபாவுல இருந்து அவ குதிக்கிறா, நீங்க ஷட்டரை 1/30 விநாடி தொறந்து வச்சு எடுக்கிறீங்கன்னு வைங்க. ஸ்டெபிலைசேஷன் எவ்வளவு நல்லா இருந்தாலும் பின்னாடி இருக்கிற சோபா தையல் வரைக்கும் துல்லியமா தெரியும், குழந்தை மட்டும் ஈரத்துணியால துடைச்ச மாதிரி இழுபட்டு இருப்பா. அவளை நிறுத்தணும்னா 1/250 வேணும், நல்லா குதிச்சா 1/500. அந்த ஸ்பீடு வச்சா கை நடுக்கம் அவ்வளவா தெரியாது, அதனால படத்துக்கு மட்டும்னா பாடி ஸ்டெபிலைசேஷன் இல்லையேன்னு நீங்க அழ வேண்டியதில்ல.

ஆனா 1/250ல வெளிச்சம் எங்க இருந்து வரும்? இங்கதான் லென்ஸ். எஃப்-னு வர்ற எண் கொறையக் கொறைய லென்ஸோட தொறப்பு பெருசு, வெளிச்சம் அதிகம். ஆர்50 கூட வர்ற 18-45 கிட் லென்ஸை முழுசா ஜூம் பண்ணா எஃப்/6.3, ஏ6400 கூட வர்ற 16-50க்கு அது எஃப்/5.6. எஃப்/1.4 லென்ஸ் ஒண்ணு மாட்டினீங்கன்னா 6.3ஐ விட சுமார் இருபது மடங்கு வெளிச்சம் உள்ள வரும். கணக்கா சொல்லணும்னா கிட் லென்ஸ்ல ஐஎஸ்ஓ (வெளிச்சம் பத்தலன்னா கேமரா ஏத்திக்கிற அளவு) 12800 கேக்குற எடத்துல 1.4 லென்ஸ்ல 640 போதும். 12800ல எடுத்த படத்துல கன்னமெல்லாம் ரவை கொட்டுன மாதிரி இருக்கும், 640ல கண் இமையை எண்ணலாம். ஆர்50க்கும் ஏ6400க்கும் நடுவுல இருக்கிற எந்த வித்தியாசமும் இந்த வித்தியாசத்துல பத்துல ஒரு பங்கு கூட வராது, இதை உங்க ஷீட்ல ஏத்தினீங்களா?

ஏத்தியிருக்க மாட்டீங்க, ஏன்னா எல்லாரும் பாடியை மட்டும்தான் ஒப்பிடுறாங்க. நானும் மொத கேமரா வாங்கினப்ப அதே தப்பைத்தான் பண்ணேன், பட்ஜெட் மொத்தத்தையும் பாடில போட்டுட்டு ரெண்டு வருஷம் கிட் லென்ஸை வச்சுக்கிட்டு ராத்திரி படமெல்லாம் ஏன் இப்படி வருதுன்னு கேமராவைத் திட்டிட்டு இருந்தேன்.

சிக்மா 30மிமீ எஃப்/1.4னு ஒரு லென்ஸ், சோனிக்கு ரொம்ப வருஷமா இருக்கு, கேனானுக்கும் இப்ப இருக்கு. கேனான் 2018ல ஆர்எஃப் மவுண்ட்டைக் (கேமராவுல லென்ஸ் மாட்டுற வாய்) கொண்டு வந்தப்புறம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விசயத்துல வெளி கம்பெனிங்களை ரொம்ப நாள் உள்ள விடல, 2024லதான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் ஏபிஎஸ்-சி பக்கம் கதவைத் தொறந்துச்சு. நீங்க பாத்த பழைய வீடியோவுல எல்லாம் கேனானுக்கு லென்ஸே இல்லன்னு சொல்லியிருப்பாங்க, அன்னைக்கு அது உண்மைதான், இன்னைக்கு முக்கால்வாசி பழங்கதை. ஆனாலும் எண்ணிக்கைல சோனிதான் முன்னாடி, அந்த ஈ-மவுண்ட் 2010ல இருந்து ஓடிட்டு இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல தேடினாலும் நெறைய கெடைக்கும்.

சரி, இப்ப பாடி. ஃபோகஸ் ரெண்டுலயும் பிரமாதம், கண்ணைப் புடிச்சா விடாது. ஆர்50 மனுசங்க, விலங்கு, வண்டின்னு மூணையும் அடையாளம் கண்டு புடிக்கும், ரெண்டு வயசுக் குழந்தை சில நேரம் மூணு லிஸ்ட்லயும் வரும்ங்கிறது வேற விசயம். ஏ6400 2019ல வந்தது, ஆனா ஃபோகஸ்ல இன்னும் வயசு தெரியல. வயசு தெரியிற எடம் வேற, ஸ்க்ரீன். நீங்க மொபைல்ல இருந்து வர்றீங்க, கை தானா ஸ்க்ரீனைத் தொடும். ஏ6400ல தொட்டு ஃபோகஸ் பாயிண்ட் வைக்கலாம், ஆனா மெனுவைத் தொட்டா ஒண்ணும் நடக்காது, பட்டனைத்தான் அமுக்கணும், அந்த மெனுவும் பக்கம் பக்கமா போயிட்டே இருக்கும். ஆர்50ல எல்லாமே தொடலாம். இது சின்ன விசயம் மாதிரி தெரியும், ஆனா மொத மாசத்துல கேமரா அலமாரிக்குள்ள போறதும் வெளில கெடக்கிறதும் இந்த மாதிரி விசயத்துலதான் இருக்கு.

வீடியோன்னா ஆர்50 பக்கம் சாயுறேன். 4கேல விநாடிக்கு 30 ஃப்ரேம்னா ஆர்50 சென்சாரோட முழு அகலத்தையும் 6கே அளவுல படிச்சு 4கேவா சுருக்கிக் குடுக்குது. ஏ6400 அதே 30 ஃப்ரேம்ல ஓரத்தை வெட்டி 1.2 மடங்கு கிட்ட வந்த மாதிரி ஆக்கிடும், 24க்கு வந்தாதான் முழு அகலம். அதோட கேமராவைச் சட்டுனு திருப்பினா ஏ6400ல கதவு, ஜன்னலெல்லாம் சாஞ்சு போற மாதிரி தெரியும், ஓடுற குழந்தை பின்னாடி நீங்களும் திருப்பிக்கிட்டுதான் இருப்பீங்க. வீடியோவுக்கு மட்டும் கிட் லென்ஸை மாட்டுங்க, ரெண்டு கிட் லென்ஸுக்குள்ளயும் ஸ்டெபிலைசேஷன் இருக்கு, அந்த சிக்மால கெடையாது. நடந்துக்கிட்டே எடுக்காதீங்க, நின்னு எடுங்க, இல்லன்னா எந்த பாடி வாங்கினாலும் படகுல போற மாதிரிதான் வரும்.

ஏ6400 ஸ்க்ரீன் மேல் பக்கமா 180 டிகிரி மடங்கும், உங்களை நீங்களே எடுக்கலாம், ஆனா மேல மைக் மாட்டினா ஸ்க்ரீனை மறைச்சிடும். இதே மாதிரி ஸ்க்ரீன் இருந்த பழைய கேமரா ஒண்ணுல நான் மைக்கை மாட்டிட்டு ஸ்க்ரீன் தெரியாம குத்துமதிப்பா உக்காந்து இருபது நிமிசம் பேசி முடிச்சேன், அப்புறம் போட்டுப் பாத்தா புருவத்துக்கு மேல ஃப்ரேம்லயே இல்ல. ஆர்50ல பக்கவாட்டுல தொறந்து திரும்பும், இந்தத் தொல்லை கெடையாது.

கேனான்லயும் வெறுப்பேத்துற விசயம் இருக்கு, மறைக்க மாட்டேன். ஸ்பீடு, எஃப் எண் மாத்துற டயல் ஒண்ணே ஒண்ணுதான், மேனுவல்ல எடுக்கப் பழகினப்புறம் எரிச்சலா இருக்கும். முழு மெக்கானிக்கல் ஷட்டர் கெடையாது, தொறக்கிற மொத திரை எலக்ட்ரானிக், மூடுற திரை மட்டும்தான் நிஜம், அதனால நல்ல வெயில்ல எஃப்/1.4 வச்சு 1/4000ல எடுத்தா பின்னாடி மங்கலா வர்ற ஒளி வட்டமெல்லாம் அறுத்த மாதிரி வரும். சைலண்ட் மோடுல வச்சு எல்இடி லைட்டுக்குக் கீழ எடுத்தா சில நேரம் படத்துல கோடு கோடா விழும், வீட்டுக்குள்ள சைலண்ட்டை ஆஃப் பண்ணியே வைங்க. தூசி, ஈரத்துக்குப் பாதுகாப்பும் ஆர்50ல இல்ல, ஏ6400ல ஓரளவுக்கு இருக்கு, அதுக்காக அதை மழைல நனைக்கலாம்னு அர்த்தம் இல்ல. சார்ஜிங்ல திரும்ப கேனான், அதுல யுஎஸ்பி-சி, சோனில இன்னும் அந்தப் பழைய மைக்ரோ யுஎஸ்பி.

அதனால உங்களுக்கு நான் சொல்றது ஆர்50 கிட்டோட, அதோட அந்த 30மிமீ எஃப்/1.4. ரெண்டும் சேத்து பட்ஜெட்டைத் தாண்டுதுன்னா பாடியைப் பழசா வாங்குங்க, லென்ஸை விட்டுடாதீங்க. வாங்கின அன்னைக்கே பண்ண வேண்டியது, எம் மோடு (மேனுவல்), 1/250, எஃப்/1.8, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் வரம்பு 6400, ஃபோகஸ் செர்வோல (அசையிறதைத் தொடர்ந்து புடிக்கிறது), கண் கண்டுபிடிப்பு ஆன். அப்புறம் தரைல உக்காந்துக்கோங்க, அவ கண் மட்டத்துக்கு. நின்னுக்கிட்டு எடுத்தா உச்சந்தலையும் தரையும்தான் வரும்.

ஒரே ஒரு சூழ்நிலைல மட்டும் ஏ6400 வாங்கச் சொல்லுவேன், உங்க வீட்லயோ நெருங்கின ஃப்ரெண்டு கிட்டயோ ஏற்கனவே சோனி ஈ-மவுண்ட் லென்ஸ் நாலு இருந்து கேட்டா குடுப்பாங்கன்னா. அப்ப இவ்வளவு நேரம் நான் பேசினதையெல்லாம் மறந்துடுங்க.

கேள்வி: ஆர்50 வாங்கிட்டேன் அண்ணா. எங்க அப்பாவோட பழைய கேனான் ஃபிளாஷ் ஒண்ணு இருக்கு, மாட்டினா எரியவே இல்ல. ஃபிளாஷ் போச்சா, கேமரா போச்சா?

பதில்: ரெண்டும் போகலம்மா. ஆர்50 மேல இருக்கிறது புது மாதிரி ஷூ (ஃபிளாஷ் சொருகுற எடம்), நடுவுல இருக்க வேண்டிய பழைய காண்டாக்ட் அதுல கெடையாது. ஏடி-ஈ1னு கேனானே ஒரு அடாப்டர் விக்குது, நடுவுல அதை மாட்டினா எரியும். பொட்டி மேல பெரிசா எழுத வேண்டிய விசயம் இது, மேனுவல்ல எங்கயோ ஒரு மூலைல கெடக்கு, உங்களை மாதிரி எத்தனை பேர் நல்ல ஃபிளாஷை ரிப்பேருக்குத் தூக்கிட்டுப் போனாங்களோ. அப்பா வச்சிருந்த பேட்டரி உள்ளயே இருந்து கசிஞ்சிருக்கான்னு மட்டும் ஒருதடவை பாத்துக்கோங்க.

கேள்வி: பழைய ஏ6400 ஒண்ணு விலைக்கு வருது, நேர்ல போய் என்னென்ன பாக்கணும்?

பதில்: உங்க கார்டு ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போங்க. எஃப்/16 வச்சு வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாம ஒரு படம் எடுத்து ஸ்க்ரீன்ல பெருசு பண்ணிப் பாருங்க, சாம்பல் புள்ளி தெரிஞ்சா சென்சார்ல தூசி, அதைத் துடைக்கலாம், ஆனா கோடு தெரிஞ்சா கீறலா இருக்கும், வேண்டாம்னு வந்துடுங்க. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு மெனுவுல வராது, எடுத்த ஒரிஜினல் படத்தை ஏத்தினா எண்ணிக்கை சொல்ற சைட் இருக்கு. ஸ்க்ரீனை மேலயும் கீழயும் நாலஞ்சு தடவை மடக்குங்க, மடக்கும்போது மினுக்குனா உள்ள கேபிள் போயிட்டு இருக்கு. 16-50 லென்ஸும் சேத்து தர்றாங்கன்னா ஆன் ஆஃப் பண்ணி அது வெளில வர்ற சத்தத்தைக் காதுகிட்ட வச்சுக் கேளுங்க, திக்கினா அந்த லென்ஸுக்கு விலையே குடுக்காதீங்க. பேட்டரியை மேஜைல வச்சு சுத்தி விடுங்க, பம்பரம் மாதிரி சுத்துனா உப்பியிருக்கு. இந்த பேட்டரி மாடல் 2010ல வந்த சோனியோட நெக்ஸ் கேமராவுல இருந்து ஓடுறது, போலியும் அதே அளவுக்குச் சுத்துது. கடைசியா ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள ஓடுற மென்பொருள்) எண் பாருங்க, 2.00க்குக் கீழ இருந்தா விலங்கோட கண்ணைப் புடிக்கிற வசதி இருக்காது, அப்டேட் போட்டா வந்துடும், அதுக்காகப் பேரம் பேசலாம், தப்பில்ல.

கேள்வி: என் மொபைல்லயே 200 மெகாபிக்சல் இருக்கு. 24க்கு எதுக்கு சார் காசு குடுக்கணும்?

பதில்: அந்த 200ஐ மொபைலே நம்புறதில்லீங்க. வழக்கமா எடுக்கும்போது பதினாறு புள்ளியை ஒண்ணாச் சேத்து 12 மெகாபிக்சல் சொச்சமாத்தான் உங்க கைல குடுக்குது, ஏன்னா தனித்தனிப் புள்ளி அவ்வளவு சின்னது, வெளிச்சம் பத்தாது. 24 மெகாபிக்சல்னா 6000க்கு 4000 புள்ளி, இஞ்சுக்கு 300 புள்ளி வச்சு அச்சடிச்சா 20 இஞ்சு அகலம், 13 இஞ்சு உயரம் வரும். நீங்க அதைவிடப் பெருசா எதையாவது அச்சடிச்சு சுவத்துல மாட்டியிருக்கீங்களா? மாட்டியிருந்தா அடுத்த மாசம் எழுதுங்க, இன்னும் பெரிய சென்சார் வர்ற ஃபுல் ஃப்ரேம் பத்திப் பேசலாம்.