மின் சந்தேகம் கேளுங்க: மெயின் லைனுக்கு எந்த பைப்?

கேள்வி: எங்கள் ஐயா கட்டிய வீடு. மீட்டர் முகப்பில் இருக்கிறது. சமையல், போர் மோட்டார் எல்லாம் மூன்றாம் கட்டில். மரச்சட்டத்தில் ஓடிய பழைய ரீப்பர் ஒயரிங்கைக் கழற்றிவிட்டு மும்முனை இணைப்பு வாங்கியிருக்கிறோம். மீட்டரிலிருந்து பின்கட்டு டி.பி. (கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) வரைக்கும் 200 அடி வருகிறது. வேலை எடுத்த தம்பி, "10 ஸ்கொயர் ஒயர், ஒரு இஞ்ச் பைப், போதும் ஆச்சி" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், "63 எம்.எம். போடச் சொல்லுங்க" என்கிறான். யார் பேச்சைக் கேட்க?
ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதீங்க ஆச்சி. மகன் சொன்னபடி செய்தால் கொஞ்சம் காசு வீண், பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். தம்பி சொன்னபடி செய்தால் அஞ்சாறு வருஷத்தில் திரும்ப வேலை வைக்கும்.

பைப்பை விடுங்க, முதலில் ஒயரைப் பார்ப்போம். ஒயர் முடிவாகாமல் பைப் அளவு பேசுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிற கதை. 10 ஸ்கொயர், அதாவது குறுக்குவெட்டில் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு உள்ள ஒயர், உங்கள் வீட்டு லோடைத் தாங்கும், அதில் தம்பி சொல்வது சரி. ஒயர் சுடாது. ஆனால் 200 அடி என்பது 60 மீட்டர். ஒரு ஃபேஸில் 30 ஆம்பியர் ஓடுகிறது, மற்ற ரெண்டும் சும்மா இருக்கிறது என்று வையுங்க. போக 60, நியூட்ரலில் திரும்பி வர 60. 6 ஸ்கொயரில் 13 வோல்ட் போல வழியிலேயே போய்விடும். 10 ஸ்கொயரில் 8 வோல்ட். 16 ஸ்கொயரில் 5 வோல்ட். எல்லா ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் இந்த இறக்கம் பாதியோ அதற்கும் கீழோதான். ஆனால் உங்கள் வீட்டில் அது சமமாக இருக்கப் போவதில்லை. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் பங்காளிகள் அத்தனை பேரும் கூடுகிற அன்றைக்கு, சமையல்காரர் கிரைண்டரையும் ஃப்ரீசரையும் கைக்கு எட்டின பிளக்கில்தான் சொருகுவார். அது எந்த ஃபேஸ் என்று அவர் கேட்கமாட்டார். மாலையில் தெருவிலேயே வோல்டேஜ் இறங்கியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக்குள் இன்னும் 8 வோல்ட் இறங்கினால், மோட்டார் முனகும். அதனால் 16 ஸ்கொயர் போடுங்க.

இப்போது பைப். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், மொத்தம் அஞ்சு ஒயர். எர்த்துக்குச் சின்ன ஒயர் போதும் என்று யாராவது சொல்வார்கள். 16 ஸ்கொயர் வரைக்கும் ஃபேஸ் எவ்வளவோ எர்த்தும் அவ்வளவு என்பதுதான் முறை. 16 ஸ்கொயர் ஒயரைத் தோலோடு அளந்தால் 7½ எம்.எம்.முக்குக் கொஞ்சம் மேலே வரும். அஞ்சையும் சேர்த்தால் 230 சதுர மில்லிமீட்டர் இடம் அடைக்கும்.

கடையில் 25, 32, 40 என்று சொல்வது பைப்பின் வெளிவிட்டம். இதைத்தான் பல பேர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 21, 28, 35தான் இருக்கும். பைப்பின் கனத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். மேலே எம்.எம்.எஸ். என்று அச்சடித்திருந்தால் நடுத்தரக் கனம், எச்.எம்.எஸ். என்றால் நல்ல கனம். எல்.எம்.எஸ். வாங்காதீங்க, ஏணிக்கால் பட்டாலே நசுங்கும்.

அஞ்சு ஒயரையும் 25-இல் (தம்பி சொன்ன ஒரு இஞ்ச்) விட்டால் உள்ளிடத்தில் மூன்றில் ரெண்டு பங்கு அடைந்துவிடும். 32-இல் 37 சதவீதம். 40-இல் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. பைப்புக்குள் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் போகக்கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் கைக்கொள்கிற கணக்கு. அப்படிப் பார்த்தால் 32 போதும் என்றுதான் காகிதம் சொல்லும். நான் 40 சொல்கிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீடு, இருபது வருஷத்துக்கு முன்னால். சிங்கிள் ஃபேஸ், எர்த்தோடு சேர்த்து மூன்றே மூன்று ஒயர், எல்லாம் 16 ஸ்கொயர். 25 பைப் போட்டேன். கணக்குப்படி 40 சதவீதத்துக்குள்தான் வந்தது. இழுக்கிறோம், மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. பவுடர் கொட்டினோம், சோப்புத் தண்ணி விட்டோம், நான் இந்தப் பக்கம், ரெண்டு பையன்கள் அந்தப் பக்கம். ஒரே இழுவையாக இழுத்ததில் சடக்கென்று வந்தது. வெளியே வந்த முனையைப் பார்த்தால் சிவப்பு ஒயரின் தோல் முருங்கைக்காய் நார் மாதிரி ஒரு முழத்துக்கு உரிந்து தொங்குகிறது, உள்ளே செம்பு பளபளவென்று தெரிகிறது. முனையில் உரிந்தது கண்ணில் பட்டது. நடுவில் எத்தனை இடத்தில் உரிந்ததோ! மொத்த ஒயரையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு என் காசில் புது ஒயர் வாங்கினேன். வீட்டுக்காரச் செட்டியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்ன நடந்தது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. பைப்பின் உள்விட்டம் ஒயரின் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு நெருங்கி இருந்தால், மூன்று ஒயரும் வளைவில் ஒரே வரிசையாக நின்று ஆப்பு அடித்த மாதிரி மாட்டிக்கொள்ளும். நிலைவாசலில் மூன்று பேர் தோளோடு தோள் நுழைந்தால் எப்படியோ அப்படி. இடம் இருக்கும், போக முடியாது. சதவீதக் கணக்கு இதைச் சொல்லாது.

உங்கள் வீட்டில் வளைவு நிறைய வரும். முகப்பிலிருந்து மேலே ஏற, மாடியில் வளவை (நடு முற்றத்தை) சுற்றித் திரும்ப, பின்கட்டில் இறங்க. ரெண்டு வளைவுக்கு ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்க, இழுக்கவும் பார்க்கவும். சடக்கென்று திரும்புகிற எல்போ வேண்டாம், மெல்ல வளைகிற நீள பெண்டு போடுங்க. ஒயர் இழுத்து முடித்ததும் ஒரு நைலான் கயிற்றைப் பைப்புக்குள்ளேயே விட்டு வைக்கச் சொல்லுங்க. நாளைக்கு உங்கள் மகன் மாடியில் சோலார் வைத்தால், அந்தக் கயிற்றைக் கட்டிப் புது ஒயர் இழுக்கிற தம்பி உங்களை வாழ்த்துவார். 40 பைப்பில் அதற்கும் இடம் இருக்கிறது. 63 தேவையில்லை. தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் மூங்கில் கனத்துக்கு வெள்ளை பைப் ஓடுவதை உங்களாலேயே பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன் ஆச்சி. சுவரை வெட்ட விடாதீங்க. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு அது. கட்டிங் மெஷின் வைத்து ஒரு கோடு இழுத்து, மேலே சிமென்ட் அப்பி, பெயின்ட் அடித்தால் அந்தத் தழும்பு எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை உடைப்பதும் அப்படித்தான். புதுக்கல் கிடைக்கும், பழைய கல்லின் நிறம் கிடைக்காது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், வெயில் குறைவாகப் படுகிற ஓரமாகக் கொண்டுபோகலாம். அங்கே பி.வி.சி. போட்டால் கிளாம்பை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. 60 மீட்டர் பைப், 20 டிகிரி சூடு ஏறினால் 7, 8 சென்டிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்காவிட்டால் சித்திரை வெயிலில் பாம்பு மாதிரி நெளிந்து நிற்கும். நடுநடுவே எக்ஸ்பான்ஷன் கப்ளிங் போடச் சொல்லுங்க.

கேள்வி: மாடியில் வெயிலுக்குப் பயந்து ஜி.ஐ. பைப் போட்டோம். ஒரு பைப்பில் நெருக்கமாக இருந்ததால் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் ஒவ்வொரு பைப்பாகப் பிரித்து விட்டோம். இப்போது பைப் தொட்டால் சுடுகிறது, இரவில்கூட. ஒயர் மட்டமா?
ஒரு வாசகர், புதுவயல்

பதில்: ஒயர் மேல் குற்றமில்லை. இரும்பு பைப்புக்குள் ஒரே ஒரு ஃபேஸ் மட்டும் போனால், அதைச் சுற்றி உண்டாகிற காந்தப்புலம் பைப்பையே சூடாக்கும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே பைப்புக்குள் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும், பைப் குளுமையாக இருக்கும். அதனால் இரும்பு என்றால் மூன்று ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்துதான் போகவேண்டும். நாலு சின்ன பைப்பைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய பைப் போடுங்க. அதுவரைக்கும் ஏ.சி. லோடைக் குறையுங்க. பைப்பையும் எர்த்தோடு சேர்த்திருக்கிறார்களா என்று அந்த ஆளிடம் கேட்டுப் பாருங்க; யோசித்தார் என்றால் வேறு ஆளைப் பாருங்க.

கேள்வி: அப்பா காலத்து நோட்டில் மெயினுக்கு 7/20, லைட்டுக்கு 3/20 என்று எழுதியிருக்கிறார். கடையில் கேட்டால் 4 ஸ்கொயர் தருகிறார்கள். ரெண்டும் ஒன்றா?
இளம் எலக்ட்ரீஷியன், காரைக்குடி

பதில்: அப்பா நோட்டைப் பத்திரமாக வையுங்க தம்பி. 7/20 என்றால் 20-ஆம் கேஜ் கம்பி 7 இழை. ஒரு இழை 0.914 எம்.எம். விட்டம், கணக்குப் போட்டால் மொத்தம் 4.6 ஸ்கொயர் வரும். 3/20 என்றால் 2 ஸ்கொயருக்குச் சற்றுக் குறைவு. ஆக 4 ஸ்கொயர் என்பது 7/20-ஐ விடக் கொஞ்சம் மெலிசு. அப்பா 7/20 போட்ட இடத்தில் லோடு கூடியிருந்தால் 6-க்குப் போங்க. 3/20 இருந்த இடத்தில் வெறும் லைட் என்றால் 1.5, பிளக் என்றால் 2.5. பழைய 7/20 போன பைப்பில் 6 ஸ்கொயரை நுழைக்கும் முன்னால் அந்த பைப்பின் உள்ளளவை ஒரு தரம் பார்த்துவிடுங்க. இப்போது ஃபேஸ், நியூட்ரலோடு எர்த்தும் சேர்ந்து போகும், அப்பா காலத்தில் அது பல வீட்டில் கிடையாது.

கேள்வி: மழை பெய்தால் போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் பைப் வழியாகத் தண்ணீர் சொட்டி மீட்டர் பெட்டிக்குள் வருகிறது. பைப்பின் தலையில் எம்சீல் வைத்து அடைத்துவிடலாமா?
ஒரு வாசகி, கொத்தமங்கலம்

பதில்: கை வைக்காதீங்க. மீட்டருக்கு முன்னால் உள்ள ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், உங்கள் மெயின் சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. மின்வாரிய செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்து லைன்மேனை வரச் சொல்லுங்க. வந்தவரிடம் ரெண்டு விஷயம் பாருங்க என்று சொல்லுங்க: பைப்பின் தலை கைத்தடிப் பிடி மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா, ஒயர் பைப்புக்குள் நுழையும் முன் ஒரு சாண் தொங்கலாக விட்டிருக்கிறதா. தொங்கல் இருந்தால் தண்ணீர் அதன் அடியில் சொட்டிவிடும், பைப்புக்குள் ஏறாது.

கேள்வி: மெயின் ஒயர் போகும் பைப்பில்தான் இடம் இருக்கிறதே, இன்டர்நெட் ஒயரையும் அதிலேயே விட்டுவிடலாமா?
ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கூடாது. அதற்குத் தனியாக ஒரு 20 பைப் போடுங்க, மெயின் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி.