கொத்தனார் வருவதற்கு முன்னால் அப்பாவிடம் பேசுங்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு, பிரிட்டன் அமைப்பு நடத்தும் கணக்கியல் படிப்பான ஏசிசிஏ படிக்கிறேன். கட்டாயத் தாள்கள் எல்லாம் முடிந்துவிட்டன. விருப்பத் தாள்கள் நான்கில் ஏதாவது இரண்டு எழுத வேண்டும், அது மட்டும் பாக்கி. ஒன்று நிதி மேலாண்மைத் தாளான ஏஎஃப்எம் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொன்றுக்கு மேல்நிலை வரித் தாளான ஏடிஎக்ஸ் எடுப்பதா, ஆடிட் தாளான ஏஏஏ எடுப்பதா என்று குழப்பம். சென்னையில் பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்கு வரி ரிட்டர்ன் தயாரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு வரிதான் பிடிக்கும். அப்பா, ‘ஆடிட் எடும்மா’ என்கிறார். தோழிகள் ஏஏஏவில் தேறுவது கஷ்டம் என்கிறார்கள். கண்டக்டராக இருந்த அப்பா போன மாதம்தான் ரிட்டயர் ஆனார். எனக்கு ஆபீஸ் போட மாடியில் ரூம் கட்ட கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், அது இருக்கட்டும். இந்தப் படிப்பெல்லாம் அவருக்குப் புரியாது. எந்தப் பேப்பர் எடுத்தால் முதல் தடவையிலேயே பாஸ் ஆகலாம்?
– பெயர் வேண்டாம், செங்கல்பட்டு

பதில்: அது எப்படியம்மா இருக்கும்? ரிட்டயர்மென்ட் பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறப்போகிறது. அந்தச் செய்தியைக் கடிதத்தின் நடுவில் செருகி, ‘அது இருக்கட்டும்’ என்று தாண்டிப் போகிறீர்கள். பேப்பர் விஷயத்தை அப்புறம் பார்ப்போம்.

அப்பா எதற்காக அந்த ரூமைக் கட்டுகிறார்? மகள் ஆடிட்டராகி வருவாள், வாசலில் போர்டு மாட்டுவோம், ஊர்க் கடைக்காரர்கள் கணக்கைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள் என்ற எண்ணத்தில்தான். ‘ஆடிட் எடும்மா’ என்று அவர் சொல்வதும் அதனால்தான். அது நடக்காது என்று உங்களுக்குத் தெரியும். ஏசிசிஏ பிரிட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு. இந்தியாவில் ஒரு கம்பெனியின் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போட, இந்திய சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐயில் உறுப்பினராகி அங்கேயே பிராக்டிஸ் சான்றிதழும் வாங்கிய சிஏவாக இருக்க வேண்டும். 1949ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டமும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டமும் அப்படித்தான் சொல்கின்றன. வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கும் சிஏதான் வேண்டும். ஏஏஏவில் நீங்கள் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அந்தக் கையெழுத்து உங்களுக்கு வராது. பிரிட்டனிலோ அயர்லாந்திலோ ஆடிட் கையெழுத்துப் போடும் உரிமை தேடுகிறவர்களுக்குத்தான் அந்தத் தாள் அவசியம்.

இதைப் படிப்பில் சேர்ந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதற்கு, அவருக்குப் புரியாது என்று ஒரு சமாதானம் வேறு. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். டிக்கெட் கட்டையும் பணப்பையும் தூக்கிக்கொண்டு, டிரிப் ஷீட்டில் ஸ்டேஜ் ஸ்டேஜாக எண் எழுதி, ராத்திரி டிப்போவில் சில்லறை வரைக்கும் கணக்கு ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மனுஷன் அவர். இரண்டு ரூபாய் குறைந்தாலும் தன் கையிலிருந்து போட்டிருப்பார். ‘இந்தப் படிப்பை வைத்து இங்கே ஆடிட் செய்ய முடியாதுப்பா, எனக்கு வேலை பிரிட்டன் வரியில்தான்’ என்று சொன்னால் அவருக்குப் புரியாதா? புரிந்துவிடும் என்பதால்தானே வாயைத் திறக்கவில்லை?

பெற்றவர்கள் ஆசைப்பட்ட பேப்பரைப் பிள்ளைகள் எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் பணம் எங்கே போகிறது என்று அவர்களிடம் மறைக்கக் கூடாது என்று சொல்வேன். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள். அம்மாவை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள், போனிலும் வேண்டாம். நேரில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். இரண்டு நாள் பேசாமல் இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கப்புறமும் ரூம் வேண்டும் என்றால், விவரம் தெரிந்து கட்டுகிறார். அது அவர் இஷ்டம். ஊரிலேயே தொழில் வேண்டும் என்று உங்களுக்கும் ஆசை இருந்தால் வழி இல்லாமல் இல்லை. பி.காம். பட்டத்தை வைத்து, கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்து அதற்கான தேர்வை எழுதலாம். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சிஏ இன்டர்மீடியட்டிலேயே நேரடியாகச் சேரலாம். ஆனால் அது இன்னும் சில வருடங்கள், ஒரு சிஏவிடம் பயிற்சி பெறும் இரண்டு வருட ஆர்ட்டிகிள்ஷிப் உட்பட. அதையும் சேர்த்தே அப்பாவிடம் சொல்லுங்கள்.

சரி, பேப்பருக்கு வருகிறேன். அப்பா சொன்ன காரணம் போய்விட்டது. மிச்சம் இருப்பது உங்கள் வேலையும் விருப்பமும். இரண்டும் ஏடிஎக்ஸ் என்கின்றன, அதையே எடுங்கள். இந்திய வரிக்கென்று அதில் தனித் தாள் கிடையாது. நீங்கள் எழுதப்போவது பிரிட்டன் தாள். உங்கள் வேலைக்கு அதுதான் பொருத்தம்.

ஆனால் தினமும் ரிட்டர்ன் போடுகிறோமே என்ற தைரியத்தில் போய் உட்காராதீர்கள். ரிட்டர்ன் என்பது முடிந்துபோன வருடத்தின் கணக்கு. ஏடிஎக்ஸ் இனி என்ன செய்யலாம் என்று யோசனை கேட்கிற தாள். பிரிட்டனில் ஒரு வயதான அம்மாள், வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டை மகனுக்குக் கொடுக்க நினைக்கிறார் என்று வையுங்கள். உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால், கையில் காசு வராவிட்டாலும் அன்றைய சந்தை விலைக்கு விற்றதாக வைத்து மூலதன ஆதாய வரி பார்ப்பார்கள். கொடுத்த பிறகு ஏழு வருடம் உயிரோடு இருந்தால் அந்த வீட்டுக்கு, இறந்தவர் சொத்துக்குப் போடும் வாரிசு வரி இல்லை. உயில் எழுதி வைத்தால் மூலதன ஆதாய வரி கிடையாது, அம்மாள் இறந்த நாள் மதிப்பிலேயே வீடு மகனுக்குப் போய்ச் சேரும். ஆனால் சொத்தில் 3,25,000 பவுண்டு விலக்குக்கு மேற்பட்டதற்கு 40 சதவீத வாரிசு வரி. எது நல்லது? அவர் வயது என்ன, உடம்பு எப்படி, வீட்டை என்ன விலைக்கு வாங்கினார், மகன் அதை விற்கப்போகிறானா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். இதற்கு முந்தைய படியில் எழுதிய அடிப்படை வரித் தாளான டிஎக்ஸில் வரியைக் கணக்குப் போட்டால் போதும். இங்கே கணக்கும் போட்டு, அந்த அம்மாளுக்கு வழியும் சொல்லி, அதைக் கடிதமாக எழுதவும் வேண்டும். 100 மதிப்பெண்ணில் 20 இப்படிப்பட்ட தொழில்முறைத் திறனுக்கு. 50 மதிப்பெண்ணுக்கு ஒரே பெரிய கேள்வி வேறு. கணக்குப் புலிகள் பலர் வழுக்குவது இங்கேதான்.

அலுவலகத்தில் ஜனவரி 31 கெடு முடியும்வரை உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கப்புறம் மார்ச் தேர்வுக்கு ஒரே மாதம்தான் மிச்சம், அதனால் மார்ச்சை விட்டுவிடுங்கள். ஜூனில் தொடங்கி அடுத்த மார்ச் வரை நடக்கும் நான்கு தேர்வுகளுக்கும் பாடம் ஒரே நிதிச் சட்டம், அதாவது வரி விதிகள் ஒன்றேதான். செப்டம்பருக்குப் பணம் கட்டினால், ஒருவேளை தவறினாலும் டிசம்பரில் அதே பாடத்தை வைத்து எழுதலாம். மார்ச்சில் தவறி ஜூனில் எழுதினால் சட்டமே மாறியிருக்கும்.

டிஎக்ஸ் எழுதி எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. எவ்வளவு ஆகியிருந்தாலும் முதல் மூன்று வாரம் அதைத் தூசு தட்டுங்கள், அதுவும் புதிய புத்தகத்தில். சீனியர் அக்கா இலவசமாகத் தரும் பழைய புத்தகம் வேண்டவே வேண்டாம். விடுமுறை வாடகை வீடுகளுக்கு இருந்த தனிச் சலுகை 2025 ஏப்ரலோடு போய்விட்டது. பழைய புத்தகத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கும். முதல் தடவையிலேயே பாஸ் ஆகும் பேப்பர் எது என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்று அந்த நான்கில் இல்லை.